ஆவும் ஊவும் மிச்சம்

என் அப்பா கிரேனுக்குக் கீழே நின்று குரல் கொடுப்பவர். சரக்கு முற்றத்துக்கு இரும்புத் தூண்களும் தகட்டுச் சுருள்களும் வரும். கிரேன் ஓட்டுநர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். சுமை எங்கே ஆடுகிறது, கீழே யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குப் பாதிதான் தெரியும். மீதியைக் கீழே நிற்பவர் கையால் காட்டுவார். கை மறைகிற இடத்தில் குரல்.

அந்தக் குரலில் சொல் கிடையாது. 'தூக்கு' என்று கத்தினால் கூண்டுவரை போய்ச் சேருவது 'ஊ' மட்டும். 'த'வும் 'க'வும் மோட்டார் சத்தத்தில் வழியிலேயே செத்துவிடும். ஆகவே முற்றத்தில் யாரும் முழுச் சொல்லைக் கத்தி மூச்சை வீணாக்குவதில்லை. 'ஊ' என்றால் தூக்கு. 'ஆ' என்றால் தாழ்த்து. 'ஈ' என்றால் நில். நில் என்பதற்குத்தான் ஈ என்று யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததில்லை. மோட்டாரின் உறுமல் எல்லாம் தாழ்ந்த ஒலி. ஈயின் பலம் மேலே, மோட்டார் எட்டாத உயரத்தில் இருக்கிறது. எந்தச் சத்தத்தையும் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு போகும். ஆபத்துக்கு அதுதான் தோது என்று காதுகளே முடிவு செய்துகொண்டன.

அப்பாவுக்கு முற்றத்தில் சங்கு என்று பெயர். ஆலைச் சங்கு மாதிரி ஊதுவாராம். புதிதாகச் சேர்ந்தவர்கள் மரியாதையாகச் சங்கண்ணன் என்பார்கள். "சங்கண்ணே, எனக்கு எப்ப ஊதப் போறீங்க?" என்று கேட்டால், "வரிசையில நில்லு, உனக்கு முன்னாடி நிறையப் பேர் இருக்காங்க" என்பார். சுமை தலைக்கு மேலே தொங்கும்போது அவர்கள் பேசிக்கொள்கிற பேச்சு இது.

என் வேலையும் சத்தம்தான். பம்பு, விசிறி, கம்ப்ரசர் இவற்றின் சத்தத்தை அளந்து எது எப்போது உடையும் என்று சொல்ல வேண்டும். உடையாமல் காப்பாற்றுவது வேறொரு பிரிவின் வேலை.

அம்மாவுக்குக் கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து ஒருநாள் நடுவிலும் இருட்டிவிட்டது. தலையணை உறை தைப்பாள். நேர்த்தையல் என்பதால் விரலே போதும். எழுத்து அவளுக்குக் கண் இருந்தபோதும் தெரியாது. ஆகவே அவளுக்குப் போனது எழுத்தில்லாத உலகம். அந்த இடத்தை அப்பா பேசி நிரப்பினார். மாடிப்படியில் கால் வைக்கும்போதே தொடங்குவார். "இவளே, வந்துட்டேன்." அப்புறம் நிறுத்தமாட்டார். "செருப்பை இங்க விடறேன். ஜன்னலைத் திறக்கிறேன். நாற்காலியை நகர்த்துறேன், தெரியாம வந்து இடிச்சுக்காத."

"கொஞ்சம் வாயை மூடிட்டுத்தான் இருங்களேன். ரேடியோ கேட்க விடமாட்டேங்கறீங்க."

"ரேடியோவைக் கட்டிக்கிட்டவ நீ. வேற ஸ்டேஷன் வராது."

அவர் வீட்டில் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்பது அவளுக்கு இப்படித்தான் தெரியும்.

நாக்கின் ஓரத்தில் புண் வந்தது. உடைந்த பல் உரசுகிறது என்று நினைத்தார். பல்லைப் பிடுங்கினார். புண் ஆறவில்லை, புற்று என்றார்கள். அறுவை மருத்துவர் எங்களிடம் நிதானமாகப் பேசினார். நாக்கில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். முன்கையிலிருந்து தசை எடுத்து அந்த இடத்தில் தைப்பார்கள். அந்தத் தசை இடத்தை அடைக்கும், அசையாது.

"குரல் போகாது. பேச்சு மட்டும் கொஞ்சம் மாறும்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குரல் போகாது என்பதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். மருத்துவர் சொன்னதில் பொய் இல்லை. குரல் தொண்டையில் இருக்கிறது. பேச்சு அங்கே இல்லை.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுரையீரலிலிருந்து வரும் காற்று தொண்டையில் இரண்டு மடிப்புகளை அதிர வைக்கிறது. பிறப்பது ஒரு ரீங்காரம். ஆவுக்கும் ஈக்கும் ஊவுக்கும் அந்த ரீங்காரம் ஒன்றேதான். தொண்டையில் மட்டும் மைக் வைத்துக் கேட்டால் எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வித்தியாசம் மேலே வாயில் உண்டாகிறது. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நிரம்ப நிரம்பச் சத்தம் மாறுமே, குழாய் அதேதான், தண்ணீரும் அதேதான், காலியிடத்தின் வடிவம் மாறுகிறது. வாயில் அந்த வடிவத்தை மாற்றுவது நாக்கு. முன்னால் எழும்பி மேலண்ணத்தை நெருங்கினால் ஈ. பின்னால் எழும்பி உதடு குவிந்தால் ஊ. கீழே படுத்துத் தாடை திறந்தால் ஆ. எங்கும் அடைப்பு இல்லை. அடைத்தால் அது மெய்யொலி. மற்ற உயிரொலிகள் எல்லாம் இந்த மூன்றுக்கும் நடுவே கிடக்கின்றன. நம் மொழியில் இவற்றுக்கு உயிர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வைத்து நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வீட்டுக்கு வந்த நாள், மாடிப்படியில் அப்பா வழக்கம்போல் கூப்பிட்டார். 'இவளே' என்பதில் வகரம் உதட்டொலி, அது பிழைத்தது. மற்றதெல்லாம் நாக்கு. வெளியே வந்தது 'அவவ' மாதிரி ஒன்று. உள்ளே தையல் மிஷின் நின்றது.

"அப்பா குரல்தான்" என்றாள் அம்மா என்னிடம். "குடிச்சிருக்காரா?"

அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து நான் நடுவில் நின்றேன். அப்பா சிலேட்டில் எழுதுவார், நான் அம்மாவுக்குப் படிப்பேன். 'சாப்பிட்டாளா கேள்.' 'ஜன்னல் திறந்திருக்கிறது என்று சொல்.' முதல் வாரத்திலேயே அவருக்கு அலுத்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியிடம் பேச மகளிடம் மனுப் போட வேண்டியிருந்தது. சிலேட்டில் ஒருநாள் எழுதினார்: 'நானே பேசணும்.' அதைப் படிக்க வேண்டாம் என்று கையால் மறைத்தார். அது எனக்கு எழுதியது. அவர் வாயிலிருந்து வருவது அம்மாவுக்கு நேராகப் புரிய வேண்டும், நடுவில் ஆள் கூடாது. அதற்குப் பிறகு அவர் விரும்பியது அது ஒன்றைத்தான்.

போனில் எழுதினால் படித்துக்காட்டும் வசதியை நான் போட்டுக் கொடுத்தேன். அப்பா எழுதினார். போன் படித்தது.

அம்மா நிமிர்ந்தாள். "யாருடி இந்தப் பொம்பளை?"

"போன்மா. அப்பா எழுதினதைப் படிக்குது."

"இத்தனை வருஷம் கழிச்சு வீட்டுக்குள்ள இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்திருக்காரா?"

அப்பாவின் தோள் குலுங்கியது. அறுவைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஆண் குரலுக்கு மாற்றினேன். "இந்த ஆளும் வேண்டாம். வெளிய அனுப்பு" என்றாள். கையில் தட்டிச் சொல்லும் முறைகூட ஒன்று சொல்லிப் பார்த்தேன். "என் கை என்ன கதவா?" என்றாள்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு கைக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். சின்ன வயது, பொறுமைசாலி. நாக்கின் வேலையை மற்ற உறுப்புகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். ஆவுக்குத் தாடையை நன்றாகத் திறக்கலாம். ஊவுக்கு உதட்டைக் குவிக்கலாம். ஈக்கு உதட்டோரத்தை இழுத்து, தொண்டையைத் தூக்கி, மிச்சமிருக்கும் நாக்குத் துண்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழுப்ப வேண்டும்.

நான் பதிவு செய்து அளந்தேன். நல்ல வாயில் இந்த மூன்று ஒலிகளையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்தால் அகலமான முக்கோணம் கிடைக்கும். மற்ற உயிர்கள் அதற்குள் தாராளமாக விலகி நிற்கும். அப்பாவின் படத்தில் ஆ தன் இடத்தில் இருந்தது. ஊ கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஈ தன் மூலையை விட்டு நடுவுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. முக்கோணம் நசுங்கி ஒரு கீற்று. அதற்குள் இ, எ, ஏ எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. குறில் நெடில் மட்டும் குலையவில்லை. எவ்வளவு நேரம் இழுப்பது என்பதை நாக்கு தீர்மானிப்பதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் அப்படியே இருந்தது. கோபமா கேலியா என்பது தெரியும். எதைப் பற்றி என்பது தெரியாது.

கிரேன் ஓட்டுநர் ஒருநாள் பார்க்க வந்தார். முற்றத்தில் 'மேல இருக்கிறவன் பார்த்துக்குவான்' என்றால் இவரைத்தான் சொல்வார்கள். வாய் பேசாதவரிடம் எல்லாரும் செய்வதைப் போல அவரும் செவிடரிடம் பேசுகிற மாதிரிக் கத்தினார்.

"எப்படி இருக்க சங்கு!"

"காது நல்லாத்தான் இருக்கு அவருக்கு" என்றாள் அம்மா. "எனக்கும் இருந்துச்சு, நீங்க வர்ற வரைக்கும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். அப்பாவின் முன்கைத் தழும்பைப் பார்த்தார். "இங்கேருந்தா எடுத்து வெச்சாங்க? அட, வாழ்க்கை பூரா கையைக் காட்டியே பேசினவன்யா நீ. கையையே எடுத்து வாய்ல வெச்சுட்டாங்களா?"

அப்பா சிரிக்க முயன்றார். எச்சில் வழிந்தது. துணியால் துடைத்தார். பிறகு முற்றத்துக்கு வரலாமா என்று சைகையால் கேட்டார்.

ஓட்டுநர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை. "கையை மட்டும் நம்பி மேலேருந்து எப்படிங்க இறக்குறது? கொக்கி மறைஞ்சா நான் குருடன். எனக்கு ஈ வேணும். ஊதல் ஒண்ணு குடுக்கலாம்னு மேஸ்திரி சொன்னாரு. ஆனா மத்தவங்க ஒத்துக்கல" என்றார்.

போகும்போது வாசலில் நின்று அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வரவில்லை.

பல் செட் கட்டும் தொழில்நுட்பர் ஒருவரிடம் பயிற்சியாளர் எங்களை அனுப்பினார். நாக்கு மேலே போக முடியாவிட்டால் மேலண்ணத்தைக் கீழே கொண்டுவரலாம். இளஞ்சிவப்புத் தகடு ஒன்று, அண்ணத்தில் பல்லோடு மாட்டுவது, நடுவில் தடிமனாக. மிச்ச நாக்கு அதைத் தொட்டுவிட்டால் போதும். தொழில்நுட்பர் தகட்டில் மெழுகு அப்பி, அதன்மேல் ஒரு பசையைத் தடவி, அப்பாவின் வாயில் வைப்பார்.

"ஈன்னு சொல்லுங்க. போட்டோ எடுக்கறப்போ சொல்ற மாதிரி."

அப்பா சொல்வார். வெளியே எடுத்து, பசை எங்கே கலைந்திருக்கிறது என்று பார்ப்பார். கலையாத இடத்தில் இன்னும் கொஞ்சம் மெழுகு. மறுபடி வைப்பார். பசையின் கசப்பில் அப்பாவுக்குக் கண்ணில் நீர் வரும். "அழாதீங்க சார், நான் இன்னும் பில் போடவே இல்லை" என்பார் அவர்.

தகடு வந்தபின் ஈ முழுதாக வந்துவிடவில்லை. ஈயின் திசையில் நகர்ந்தது. படத்தில் கீற்று மறுபடியும் முக்கோணமாகத் தெரிந்தது, ஒல்லியாக. ஒரு மாலை நான் மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பா வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். அம்மா அடுக்களையிலிருந்து, "என்னங்க, வர்றேன்" என்றாள். கைவேலையை விட்டுவிட்டு எழுந்து போனாள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, 'இவளே' என்று கூப்பிட்டிருக்கிறார், அவளும் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள். வராந்தாவில் இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை.

அந்தக் காலம் நீளவில்லை. தகடு உறுத்துகிறது என்றார். தொழில்நுட்பர் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார். மறுபடி உறுத்தியது. மறுபடி தேய்த்தார். தகடு மாறவில்லை, வாய் மாறுகிறது என்று அவர்தான் முதலில் சொன்னார். வழக்கமான கேலி எதுவும் சொல்லாமல் தகட்டை டப்பாவில் வைத்து மூடினார். "பெரிய டாக்டரைப் பாருங்க" என்றார்.

பெரிய டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். நாக்கின் அடியிலும் தாடையிலும் திரும்பி வந்திருந்தது. இனி வெட்ட முடியாது. வலியைக் குறைக்கலாம்.

ஆட்டோவில் வரும்போது அப்பா சிலேட்டை எடுத்து எழுதினார்: 'நீ சொல்லாதே. நான் சொல்றேன்.'

"அப்பா, கஷ்டம்பா. நான் சொல்றேனே."

'நான் சொல்றேன்' என்பதன் கீழே கோடு போட்டார். சுண்ணாம்புக்கட்டி உடைந்தது.

மொட்டைமாடியில் பயிற்சி செய்தார். தகட்டை மாட்டினால் ரத்தம் வந்தது. மாட்டாவிட்டால் ஈ இல்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். நாக்கு வேண்டாத ஒலிகளை மட்டும் வைத்து வாக்கியம் செய்யலாம். ப, ம, வ உதட்டொலிகள். ஆ, ஊ, ஓ நிற்கும். மாடியில் உட்கார்ந்து இருவரும் தேடினோம். வா, போ, பூ, மாமா, பாவம், போவோம். பச்சைக் குழந்தையின் சொல்வங்கி. நோய், திரும்ப, வலி, முடியாது எதுவும் அதில் இல்லை. அப்பா சிலேட்டில் எழுதினார்: 'போவோம் என்றால் சினிமாவுக்கு என்று நினைப்பாள்.' சிலேட்டைக் கைப்பிடிச்சுவர் பக்கம் வீசினார். அப்புறம் அவரே போய் எடுத்து வந்தார்.

கடைசியில் சாதாரண வாக்கியத்தையே எடுத்துக்கொண்டார். 'திரும்ப வந்துடுச்சு.' ஒவ்வோர் அசையையும் இழுத்து, நிறுத்தி. எனக்குப் புரிந்தது. என்ன வாக்கியம் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு எதுவும் புரியும்.

காலையில் அம்மா உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தகட்டை மாட்டிக்கொண்டார். பயிற்சிக்காக நான் எப்போதும் ஓடவிட்டிருக்கும் பதிவுக் கருவி மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகப் பார்த்தேன். இரு என்று கை காட்டினார். அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

சொன்னார்.

"என்னது?" என்றாள் அம்மா.

மறுபடி சொன்னார். மெதுவாக.

"காபியா? இப்பத்தானே குடிச்சீங்க."

மூன்றாவது முறை. தகட்டோரத்தில் சிவப்பு தெரிந்தது.

"ஏண்டி, அப்பா என்ன சொல்றார்?"

அம்மா முகத்தை என் பக்கமிருந்து அப்பா பக்கம் திருப்பினாள். மடித்த உறையை மறுபடி பிரித்தாள். மடித்தாள்.

"நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து ரெண்டு பேரும் பூனை மாதிரி நடக்கறீங்க" என்றாள். "திரும்பி வந்துடுச்சா?"

"ஆமா" என்றார் அப்பா.

தெளிவாக இருந்தது. தாடையை நன்றாகத் திறந்து ஆ, உதட்டை மூடி மா. அதில் நாக்குக்கு வேலையே இல்லை. நாங்கள் மாடியில் தேடியதில் இது அகப்படவில்லை.

"வெட்ட முடியாதுன்னுட்டாங்களா?"

"ஆமா."

"வலிக்குதா?"

"ம்ஹூம்."

அதற்கும் நாக்கு வேண்டாம்.

அம்மா உறையைக் கீழே வைத்தாள். அழவில்லை. கையை நீட்டி அவர் முகத்தைத் தேடினாள். தாடையில் ஒரு கையும் தொண்டையில் ஒரு கையும் வைத்துக்கொண்டாள். "சரி. சொல்லிட்டீங்க. புரிஞ்சுடுச்சு."

நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் விரும்பியபடி நடுவில் ஆள் இல்லாமல் சொல்லிவிட்டார்.

அப்பா பேசத் தொடங்கினார். நாங்கள் பழகிய வாக்கியம் இல்லை. நிறுத்தி நிறுத்தி இழுக்கவில்லை. பழைய வேகத்தில், வராந்தாவில் பேசுவாரே அந்த வேகத்தில், ஒரே மூச்சில் ஒரு நீண்ட வாக்கியம். குரல் நடுவில் ஏறி, ஓரிடத்தில் தயங்கி, இறங்கி முடிந்தது. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"ம்" என்றாள் அம்மா. பிறகு, "புரியலைங்க" என்றாள்.

மறுபடி சொன்னார். இம்முறை குரல் உடைந்தது.

"பொண்ணைப் பத்தியா?"

"ம்ஹூம்."

"வீட்டைப் பத்தியா?"

"ம்ஹூம்."

"என்னைப் பத்தியா?"

"ஆமா."

"என்னைப் பத்தி என்ன?"

அவர் மறுபடி அந்த வாக்கியத்தைச் சொன்னார். வேறு எப்படிச் சொல்வது? நோயைப் பற்றி அம்மாவுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது. இதற்குக் கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

"எழுதிக் குடுங்களேன். இவ படிக்கட்டும்."

"ம்ஹூம்."

"எதுக்கு வீம்பு? பெத்த பொண்ணுதானே?"

"ம்ஹூம்." எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து அம்மா ஊகிக்க ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டாக. "நான் தைக்கிற சத்தம் தாங்கலைன்னு சொன்னீங்களா?" "ம்ஹூம்." "உங்க அக்கா என்னை வேண்டாம்னு சொன்னாங்களே, அவங்க பேச்சைக் கேட்டிருக்கணும்னு சொன்னீங்களா?" அதற்கு அவர் வேண்டுமென்றே "ஆமா" என்பார். அவள் தலையணையால் அடிப்பாள். பிறகு விளையாட்டு குறைந்தது. கஞ்சி கரைக்கும்போது, மாத்திரை பொடிக்கும்போது, சட்டென்று ஏதாவது கேட்பாள். பதில் ம்ஹூம். சில கேள்விகளை என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டாள். கதவுக்கு வெளியே எனக்கு ம்ஹூம் மட்டும் கேட்கும்.

வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. தகட்டை நுழைக்க முடியவில்லை. தாடை திறக்காததால் ஆவும் நடுவுக்கு நகர்ந்தது. அளப்பதை நிறுத்தினேன். ஆமாவையும் ம்ஹூமையும் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து அம்மா பிரித்தாள். பிறகு மூச்சு அடைத்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். காற்று குழாய் வழியே போய்விடும், மடிப்புகளைத் தொடாது. அத்துடன் குரலும் நின்றது.

அம்மா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொம்பளையைக் கூப்பிடு" என்றாள் என்னிடம்.

"யாரம்மா?"

"போன்ல பேசுவாளே. கூப்பிடு. நீ வெளிய போ. அவளே சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்."

போனைத் திறந்து அப்பாவின் கையில் வைத்தேன். வலிமருந்தில் அவருக்குக் கண் நிலைகொள்ளவில்லை. விரல் வீங்கியிருந்தது. நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். வெகுநேரம் கழித்துப் போனின் குரல் கேட்டது. நிதானமாக, ஒவ்வோர் உயிரும் அதனதன் இடத்தில் சுத்தமாக.

"தண்ணீர்."

வேறெதுவும் வரவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டாள். "மூக்குல இருக்கிற கஞ்சிக் குழாய் வழியா எவ்வளவு தண்ணி விடலாம்?" என்று கேட்டாள். அந்த வாரம் முடியவில்லை, அவர் போய்விட்டார்.

அந்தக் காலைப் பதிவு என் கணினியில் இருக்கிறது. புரியாமல் போன அந்த நீண்ட வாக்கியத்தை மூன்று முறை சொல்லியிருக்கிறார் என்பதால் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டேன். எந்த அசை குறில், எந்த அசை நெடில் என்று சொல்ல முடிகிறது. எங்கே உதடு மூடியது என்று தெரிகிறது. நடுவில் ஒரு உ நிச்சயம். கடைசிக்கு முந்தையது குறில், அது 'இ'யாகவோ 'எ'யாகவோ இருக்கலாம். இந்த அளவில் பொருந்துகிற வாக்கியங்களைக் கணினியைக் கொண்டு தேடினேன். முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தன. பாதி அபத்தம். மீதியில் எதையும் ஒரு கணவன் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். தேடலை நிறுத்திவிட்டேன்.

அம்மா நிறுத்தவில்லை. முந்தாநாள் மிஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, ஒருவேளை நாம முன்ன இருந்த அந்தப் பழைய வீட்டுப் பக்கம் மறுபடி போய் இருன்னு சொன்னாரா?"

திரையில் வைத்துப் பார்த்தேன். அசைகள் கூடுதல்.

"இல்லம்மா. நீளம் சரியா வரல."

"அப்ப அது இல்ல." ஊசியில் நூலைத் தடவிப் பார்த்தாள். "கண்ணு போனது உன் தப்பு இல்லைன்னு சொன்னாரா?"

வைத்துப் பார்த்தேன். நீளம் பொருந்தியது. உகரத்தின் இடமும் பொருந்தியது. உதடு மூடும் இடம் ஓர் அசை தள்ளி இருந்தது.

"என்னடி?"

"பக்கத்துல வருது" என்றேன். "ஆனா சொல்ல முடியாதும்மா."

"ம்" என்றாள். மிஷினை ஓட்டினாள்.